முகாமில் ஏழு மணி

"இன்னொரு வாட்டி தட்டிப் பாரு" என்றார் அப்பா.

பொடிசு அதற்குள் எத்தனை வாட்டி தட்டியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் திரை ஒரே வரியைத்தான் காட்டியது. உங்கள் முறை முடிந்துவிட்டது. இணைப்பு இல்லை என்று வந்தால் புரியும். மழை நாளில் அது வாடிக்கைதான். உங்கள் முறை இன்னும் வரவில்லை என்று வந்தாலும் காத்திருக்கலாம். முடிந்துவிட்டதாம். ஆரம்பிக்கவே இல்லாதது எப்படி முடியும்?

அப்பா முகம் கழுவி வந்திருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தாலும் காதோரத்திலும் புருவத்திலும் மரத்தூள் அப்படியே ஒட்டியிருந்தது. அத்தை, வெளியே போகும்போது மட்டும் எடுக்கும் நல்ல உடுப்பில், போட்டோ பிடிக்க உட்கார்ந்தவளைப்போல நாற்காலி நுனியில் இருந்தாள். மூன்று பேரும் ஒரே சதுரத்துக்குள் தெரிய வேண்டுமென்று நாற்காலிகளை இடித்துப் பிடித்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சதுரத்தில் இப்போது அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். எதிரே தெரிய வேண்டிய அம்மாவைக் காணோம்.

வெளியே மரம் அறுக்கும் மில்லில், ரம்பத்துக்கு மேலே, சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா இருக்கும் முகாமின் கதவைத் தட்டியாகிவிட்டது, ஓடி வாருங்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். பொடிசு திரையை விட்டு அந்த பல்பையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பல்பு எரிகிறதென்றால் புரோகிராம் தட்டிவிட்டது என்று அர்த்தம். அந்தப் புரோகிராமை எழுதியது அவள்.

"அவதான் வந்து உக்காரலையோ என்னவோ" என்றாள் அத்தை.

அப்பா எழுந்து நாற்காலியை முன்பு இருந்த இடத்துக்கே திருப்பிப் போட்டார். மில்லுக்குப் போனார். பல்பை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் ரம்பம் சுற்றும் சத்தம் கேட்டது.

பொடிசு என்பது பேர் இல்லை. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் ஒட்டிக்கொண்டது. பதினாறு வயதில் அத்தையைவிட ஒரு பிடி உயரமாகிவிட்டாள். ஆனாலும் மரம் ஏற்றி வரும் லாரிக்காரர்கூட வாசலில் நின்று ‘பொடிசு இருக்கா’ என்றுதான் கேட்பார். வளர்ந்துவிட்டாள் என்று தெரியாத ஒரே ஆள் அம்மாதான். போகும்போது பொடிசு அவள் தோளுக்கு இருந்தாள். ஒவ்வொரு முறையும் பேச்சு முடிகிற சமயத்தில் அம்மா ‘எந்திரிச்சு நில்லு பார்ப்போம்’ என்பாள். பொடிசு எழுந்து நிற்பாள். திரையில் வயிறு மட்டும் தெரியும். பின்னால் போய் நின்றால் முழுசாகத் தெரியும், ஆனால் எவ்வளவு உயரம் என்று தெரியாது. ‘சரி சரி, உக்காரு, நேரம் போகுது’ என்று அம்மா சிரித்துவிடுவாள்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. பூமிக்கு அந்தப் பக்கம், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் காட்டுக்குள், சுரங்கம் வெட்டுகிறவர்களுக்கான முகாமில் சமையல்கட்டு வேலை. எழுந்தால் அண்டா, படுத்தால் அண்டா என்பாள். அங்கே செல்போன் எடுக்காது. வானத்தில் எதுவோ சுற்றுகிறதாம், அதன் தயவில் நூல்மாதிரி ஒரு இணைப்பு. அத்தனை பேரும் அதைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு வாரத்தில் ஒரு முறை, கால் மணி நேரம். வீட்டுக்காரர்கள்தான் தங்கள் பக்கத்திலிருந்து கூப்பிட வேண்டும்; கதவைத் தட்டுவது என்பார்கள் அதை. முறை தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் யாரும் தட்டாவிட்டால், பின்னால் நிற்கிற ஆள் தோளைத் தொட்டு எழுப்பிவிடுவார். எழுந்து இடம் விட வேண்டியதுதான்.

யாருக்கு எப்போது என்று முகாமில் மாதாமாதம் முறை மாற்றி அறிவிப்பார்கள். ஒரு மாதம் விடியற்காலை, ஒரு மாதம் சாயங்காலம். எல்லாம் முகாமின் மணிப்படி. அங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாடு என்றால் இங்கே திங்கட்கிழமை காலையில் பல் விளக்குகிற நேரம். அவளுக்கு நேற்று, நமக்கு இன்று. புருஷன் பெண்டாட்டிக்கு ஆளுக்கொரு சூரியன் என்று அத்தை நொடிப்பாள். முதல் வருஷத்தில் அப்பா விரல்விட்டு எண்ணித்தான் தட்டினார். எண்ணிக்கை தப்பியதும் உண்டு. எண்ணிக்கை சரியாக இருந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ரம்பத்தடியில் நின்றதால் கடிகாரத்தை மறந்ததும் உண்டு. அந்த மாதிரி ஒரு முறை போய்விட்டால் வாரம் பூரா வீடு எழவு வீடு மாதிரி இருக்கும். அப்பா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பார்.

அதனால்தான் பொடிசு புரோகிராம் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம், தானாகத் தட்டித் தடவிக் கற்றது மீதி. முகாமின் முறை நேரத்தை அதுவே படித்து, நம் மணிக்கு மாற்றி, சரியான நேரத்தில் கதவைத் தட்டி, மில்லில் பல்பை எரியவிடும். ஒன்றரை வருஷமாக ஒரு முறைகூடத் தப்பவில்லை. மில்லில் அவளை ‘எஞ்சினியரம்மா’ என்று கிண்டல் செய்தார்கள். அவள் முறைப்பாள். உள்ளுக்குள் இனிக்கும்.

இன்றைக்குப் பார்த்து அது தப்பியது.

இன்றைக்கு என்பது மற்ற திங்கட்கிழமை மாதிரி இல்லை. போன வாரம் அம்மா, சிரிப்பும் எந்திரிச்சு நில்லும் இல்லாமல், நேராக விஷயத்துக்கு வந்தாள். ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை மத்தியானத்துக்குள், முகாம் மணிப்படி, கையெழுத்துப் போட வேண்டும்; போடாவிட்டால் மாதக் கடைசியில் வருகிற வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். "எனக்கு ஒண்ணும் தோணல" என்றாள். "நீங்க மூணு பேரும் பேசி வையுங்க. அடுத்த வாரம் கேக்கறேன். இருன்னா இருக்கேன். வான்னா வரேன்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு அதுதான், ஆனால் யாரும் அதைப் பேசவில்லை. அத்தை பாத்திரம் விளக்கிக்கொண்டே, வந்தால் இந்தச் சமையல்கட்டில் ஒரு உறையில் இரண்டு கத்தி ஆகும் என்றாள். பிறகு அவளே, ஆகட்டுமே, கத்தியாவது இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள். மில்லில் நல்ல வாசமுள்ள பழைய மரம் ஒன்று நெடுநாளாகப் படுத்துக் கிடந்தது. யார் விலை கேட்டாலும் அப்பா, அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். புதன்கிழமை அதை உருட்டி ஏற்றிப் பலகை போட்டார். சமையல்கட்டில் அம்மா கைக்கு எட்டுகிற உயரத்தில் அலமாரித் தட்டு. பொடிசு பலகையின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். ரம்பம் கத்துகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்கே எதுவும் கேட்காது. அப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. முதலில் ஏதோ முணுமுணுக்கிறார் என்று நினைத்தாள். பிறகுதான் உதட்டைப் படித்தாள். வந்துடு. போதும், வந்துடு. நீ வந்துடு. அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அப்படியே ஓடிப்போய் எங்காவது உட்கார்ந்து அழலாம் போல சந்தோஷமாக இருந்தது.

இப்போது அந்த வார்த்தை அப்பாவின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்றாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்த ஒரு காரியம் காலையிலிருந்தே அவள் பிடரியில் ஊர்ந்துகொண்டிருந்தது. மழைத் தூறலில் குடைகூட எடுக்காமல், கம்ப்யூட்டர் டப்பாவை பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒற்றை ஆள் கடை வைத்திருந்தார். டீ கிளாஸை ஸ்பீக்கர்மேல் வைத்துவிட்டு யாருடைய கீபோர்டையாவது கவிழ்த்து உள்ளே விழுந்த பொரித் துணுக்குகளைத் தட்டிக்கொண்டிருப்பார். பொடிசு அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் மரத்தூள் புகுந்து ஃபேன் நின்று, கருகல் வாசம் அடித்துச் செத்துப்போனது. உள்ளே திறந்து பார்த்த அண்ணன், இதுக்குள்ள ஒரு நாற்காலி செய்யற அளவு மரம் இருக்கு என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரு பழைய டப்பாவைக் கொடுத்தார். செத்துப்போனது விண்டோஸ். இது லினக்ஸ். எல்லாம் ஒன்றுதான், ஓடும் என்றார். புரோகிராம் ஓடவும் ஓடியது. ஆனால் மணி மட்டும் ஏழு மணி நேரம் தள்ளி நின்றது. அன்றைக்கு மழை, மறுநாள் பரீட்சை. டப்பாவுக்கு நேரக் கணக்கு தெரியவில்லை என்று பொடிசு நினைத்தாள். புரோகிராமைத் திறந்து, வருகிற நேரத்தோடு ஏழைக் கூட்டு என்று ஒரு வரியைச் சொருகினாள். சரியாக வந்தது. பக்கத்தில் ‘அப்புறம் ஒழுங்கா செய்யணும்’ என்று தனக்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

அண்ணன் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரையும் இந்த டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சொருகிய வரியை எடுத்துவிட்டுப் பழைய புரோகிராமை விண்டோஸில் ஓட்டினாள். அம்மாவின் முறை இன்று காலை ஆறரைக்கு என்றது. டப்பாவில், சொருகிய வரியோடு, ஓட்டினாள். ஏழரைக்கு என்றது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு சாட்சி சொன்ன மாதிரி இரண்டும் நின்றன.

அண்ணன் டீயை ஒரு மிடறு குடித்தார். "அம்மா இருக்கிற ஊர்ல மணியைத் தள்ளி வைப்பாங்களா?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

அவர் சொன்னார். சில தேசத்தில் குளிர் முடிகிறபோது ஊரே சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தி வைக்குமாம். வெளிச்சம் வீணாகக்கூடாது என்று. குளிர் வந்தால் மறுபடியும் பின்னால். எந்தத் தேசம், எந்தத் தேதி என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒரு பட்டியலாக இருக்கிறது. அதை எழுப்புவதற்குச் சரியான பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். விண்டோஸில் ஒரு பேர், லினக்ஸில் வேறு பேர்; விண்டோஸ் ஒரு நிலப்பரப்புக்கே சேர்த்து ஒரு பேர் வைக்கும், லினக்ஸ் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். பொடிசு எழுதியிருந்தது விண்டோஸ் பேர். டப்பாவுக்கு அப்படி யாரையும் தெரியாது. தெரியாது என்று அது கத்தவும் இல்லை. தெரியாத ஆள் என்றால் உலகப் பொது மணியைக் காட்டிவிடுவது அதன் சுபாவம். அந்த வித்தியாசத்தைத்தான் அவள் ஏழு என்று கையால் ஒட்டுப்போட்டிருந்தாள்.

"நேத்து விடியற்காலையில அங்க கடிகாரத்தை மாத்தியிருக்காங்க" என்றார் அண்ணன், திரையில் தேடிப் பார்த்துவிட்டு. "இப்ப வித்தியாசம் ஆறுதான். உன் ஏழு அப்படியே நின்னுடுச்சு."

ஒரு மணி நேரம். அம்மா வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் காத்திருந்து, யாரோ தோளைத் தொட்டு, எழுந்து போய், பின்னால் நின்றவர் பேசி, அவருக்குப் பின்னால் நின்றவரும் பேசி, எல்லாம் முடிந்த பிறகு பொடிசின் புரோகிராம் ரொம்பச் சுத்தமாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. அம்மா அங்கே காத்திருந்தபோது இங்கே அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

போன வருஷமும் அங்கே கடிகாரம் மாறியிருக்கும். அதற்கு முந்தியும். செத்துப்போன விண்டோஸ் கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டது. முறை நேரமும் மாசத்துக்கு மாசம் மாறுவதால், காலை ஆறரை ஏன், ஏழரை ஏன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. மகள்தான் புரோகிராம் போட்டிருக்கிறாளே, அதற்குத் தெரியாதா என்று இருந்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அத்தை அதற்குள் தன் வழியில் முடிவு கட்டியிருந்தாள். மூணு வருஷம் பழகின ஊரு, அங்கேயே சொகமா இருக்கும், நாம வான்னு சொல்லிடுவோமோன்னு பயந்து உக்காராம இருந்திருப்பா என்று அடுப்போடு பேசிக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டுவிட்டால் போதும். யாரும் பொடிசைக் கேட்கப் போவதில்லை. அந்த எண்ணம் ஒரு கணம் இதமாகக்கூட இருந்தது. அப்புறம் அம்மாவின் பெயரில் அந்தப் பழி போய் விழுவதைக் கேட்கக் கேட்கத் தாங்கவில்லை.

மில்லில் ஈர மரம் ஏறியிருந்தது. ஈர மரம் ரம்பத்தைக் கடிக்கும். அறுத்த பிளவு மூடிக்கொண்டு ரம்பத் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அறுக்க அறுக்கப் பின்னாலேயே ஆப்பு அடித்துக்கொண்டு போக வேண்டும். அப்பா அடித்துக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றதைப் பார்த்து சுவிட்சை அணைத்தார். ரம்பம் உடனே நிற்காது. அது முனகி முனகித்தான் நின்றது. அப்பா காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

அவள் சொன்னாள். விண்டோஸ், லினக்ஸ், பேர், பட்டியல் என்று எல்லாவற்றையும் கலந்து கொட்டினாள். அப்பாவுக்குப் பாதி புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடிகாரத்தை நகர்த்துவார்கள் என்ற இடத்தில் மட்டும் புருவம் ஏறியது.

"அங்க மணியை யாரு மாத்தினது?"

"அரசாங்கம்ப்பா."

"அவளுக்குத் தெரியும்ல?"

"தெரியும். எனக்குத்தான் தெரியல. நான் ஏழுன்னு போட்டு வச்சிட்டேன்."

அப்பா ஆப்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்.

"அப்ப அவ வந்து உக்காந்திருக்கா."

"ஆமாப்பா."

"எவ்வளவு நேரம் உக்கார விடுவாங்க?"

"கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்ச நேரம்னா?"

அப்பா பஞ்சை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

ஆனால் அன்றைக்கு இன்னும் முடியவில்லை. முகாமில் அப்போதுதான் ராத்திரி. திங்கட்கிழமை மத்தியானம் அங்கே வருவதற்கு இங்கே நாள் முடிய வேண்டும். அதற்குள் ஒரு சேதி போய்ச் சேர்ந்தால் போதும். முகாம் ஆபீசுக்கு ஒரு ஈமெயில் உண்டு. மத்தியானம் அனுப்பியதற்கு, ஆபீஸ் திறந்ததும் பார்ப்போம் என்று இயந்திரம் பதில் போட்டது. இங்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு அங்கே விடிந்து ஆபீஸ் திறந்தது. திறந்ததும் ஒரு மனுஷரே பதில் எழுதினார். மரியாதையான பதில். வேலையாட்களுக்குச் சொந்தச் சேதி கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. வீட்டில் சாவு, அல்லது ஆஸ்பத்திரி என்றால் மட்டும் உடனே ஆளை அழைத்துவந்து பேசவைப்போம். இந்த இரண்டில் எது உங்கள் அவசரம்?

பொடிசு படித்துச் சொன்னாள். மழை வலுத்து ஓட்டுமேல் கொட்டிக்கொண்டிருந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

"என்னைப் போடு" என்றாள் அத்தை.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் செத்துட்டேன்னு போடு. எப்படியும் ஒருநாள் போடப்போறதுதானே, இன்னிக்கே ஒத்திகை பாத்துக்கலாம். அழுவாளான்னும் தெரிஞ்சுடும்."

அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. காலையில் பேசிய பேச்சை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் திருப்பி எடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சரி, சாவு வேண்டாம், ஆஸ்பத்திரின்னு போடு, நான் போய் ஒரு கட்டில்ல படுத்துக்கவும் தயார் என்று அத்தை இறங்கி வந்தாள்.

பொடிசின் விரல் அதற்குள் கீபோர்டுக்குப் போய்விட்டது. அத்தை, ஆஸ்பத்திரி, உடனே பேச வேண்டும். ஒரே வரி. அவள் அடித்துவிட்டாள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அவள் செய்த தப்பை அவளே சரிசெய்துவிடலாம். பேசினதும் உண்மையைச் சொல்லிவிடலாம். அம்மா திட்டுவாள், சிரிப்பாள், மாதக் கடைசி வண்டியில் ஏறுவாள்.

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடிக்கவில்லை.

"சமையல்கட்டுலேருந்து அந்த ஆபீஸ் வரைக்கும் அவ நடந்து வரணும்ல" என்றார். "பனியில. யாரு, என்னன்னு சொல்லாம கூட்டிட்டு வருவாங்க. அந்த வழியெல்லாம் அவ மனசுல யார் யாரைச் சாகடிப்பா? உன்னை, என்னை, எல்லாரையும் ஒருவாட்டி. அப்படிக் கூப்பிட்டு வான்னு சொல்ல எனக்கு வாய் வராது."

அத்தை எழுந்து உள்ளே போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இரண்டும் இல்லை என்று எழுதச் சொன்னார். அதோடு, முடிந்தால் அவள் புருஷன் வரச் சொன்னான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றும் எழுதச் சொன்னார். அனுப்பினாள். வருத்தம், விதி இடம் கொடுக்கவில்லை, உங்கள் அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை என்று பதில் வந்தது.

அந்த வாரம் பொடிசு புரோகிராமைத் தரையோடு இடித்துக் கட்டினாள். அண்ணன் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டப்பாவையும் விண்டோஸையும் மாற்றி மாற்றி ஓட்டினாள். உள்ளே எல்லாம் உலகப் பொது மணியிலேயே இருக்கட்டும். மனுஷர்களுக்குக் காட்டும்போது மட்டும் அந்தந்த ஊர் மணிக்கு மாறட்டும். விண்டோஸ் பேருக்கு லினக்ஸ் பேர் என்ன என்று ஒரு ஜோடி வரிசை. கையால் கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. பேர் தெரியாவிட்டால் தானாக எதையும் வைத்துக்கொள்ளாமல் நின்று, பல்பை விட்டு விட்டு எரியவைத்துக் கத்த வேண்டும். வருகிற குளிர் தொடக்கத்து நாளையும், அடுத்த வருஷத்து நாளையும் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு இயந்திரமும் ஒரே பதில் சொல்லின. நல்லா செஞ்சிருக்கே என்றார் அண்ணன். அவளுக்கு இனிக்கவில்லை.

அப்பா அலமாரித் தட்டை இழைத்து முடித்தார். சுவரில் அடிக்கவில்லை. சமையல்கட்டு வாசலில் சாத்தி வைத்திருந்தார். அத்தை அதைச் சுற்றிக்கொண்டு போனாள் வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆறரைக்குச் சரியாக பல்பு எரிந்தது. தட்டியதுமே கதவு திறந்தது. திரை கொஞ்சம் கலங்கி, பிறகு அம்மா வந்தாள். தலைமுடியைக் காதுவரைக்கும் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆவியில் எப்போதும் ஈரமாக இருக்கிறது, அதனால் வெட்டிக்கொண்டேன் என்றாள். அத்தை, பார்க்க மொட்டைக் கத்திரிக்காய் மாதிரி இருக்கிறது என்றாள். மூன்று பேரும் அதற்குச் சிரித்தார்கள், நாலாவது ஆளும் சிரித்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்பா கையெழுத்தைப் பற்றிக் கேட்டார்.

"போட்டாச்சு" என்றாள் அம்மா. "ரெண்டு வருஷம்தானே. ஓடிப்போயிடும்."

பொடிசு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கடிகாரம், பேர், ஏழு, ஆறு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நாங்க கூப்பிட்டோம்மா, லேட்டா கூப்பிட்டோம், என்னாலதான் என்றாள். அம்மா அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில், இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்கே, நான் லைன் சரியில்லைன்னுல்ல நினைச்சேன் என்றாள். கூப்பிட்டிருந்தாலும் போட்டிருப்பேன் கண்ணு, நான் முடிவு பண்ணிட்டுத்தான் இருந்தேன் என்றாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "வந்துடுன்னு சொல்லணும்னு உக்காந்திருந்தேன்."

அம்மாவின் முகம் அசையவில்லை. கண் இமைகூட ஆடவில்லை. இணைப்பு நின்று படம் உறைந்துவிட்டது என்று பொடிசு நினைத்து மவுஸைப் பிடித்து அசைத்தாள். ஆனால் அம்மாவுக்குப் பின்னால், அடுத்த முறைக்காரர் கம்பளிக் குல்லாவைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சொல்ல இருந்தீங்களா" என்றாள் அம்மா. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, மரமெல்லாம் நனையாமல் மூடி வைத்திருக்கிறீர்களா என்று விசாரித்தாள். அப்பா மூடியிருக்கிறது என்றார்.

"எப்பம்மா கையெழுத்துப் போட்டே?" என்றாள் பொடிசு.

"அன்னிக்கே. ஞாயித்துக்கிழமை."

"வந்து உக்காந்து எந்திரிச்சதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

குல்லாக்காரர் ஒரு அடி கிட்டே வந்தார். அம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். திரும்பி, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்து, சிரித்தாள்.

"நான் மணி பாக்கலடி. எந்திரிச்சு நில்லு பார்ப்போம்."

பொடிசு எழுந்து நின்றாள். கதவு மூடிக்கொண்டது.

அப்பா மில்லுக்குப் போய் பல்பை அணைத்தார். அத்தை நல்ல உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, ஒன்றும் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பொடிசு மட்டும் அந்த மூன்று நாற்காலிகளில் நடுவில் உட்கார்ந்தே இருந்தாள். முன்னாடி என்றால் அம்மா, திரும்பி வருவதில்லை என்று தானே முடிவு செய்துவிட்டு, அதைச் சொல்லத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் பொடிசு எதையும் கெடுக்கவில்லை, அம்மாவுக்கு வரத்தான் மனசில்லை. அப்புறம் என்றால் இருட்டிய திரையைப் பார்த்துக் காத்திருந்து, தோளைத் தொட்டவருக்கு இடம் விட்டு, நேரே அந்த ஆபீசுக்கு நடந்திருக்கிறாள்; இருன்னுதான் சொல்றாங்க என்று நினைத்துக்கொண்டே. இந்த இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வது?